ஒவ்வொரு வகுப்புக்கும் பழுதில்லாத கணினி: பள்ளி ஆய்வகத்தில் டீப் ஃப்ரீஸ்

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உள்ள ஒரு கணினி ஒரே நாளில் ஆறேழு மாணவர்களின் கைகளுக்குப் போகிறது. அவர்களுள் எவருக்கும் அது சொந்தமில்லை. ஆனால் ஒவ்வொருவரும் அதில் ஏதேனும் ஒரு தடத்தை விட்டுச் செல்கின்றனர். ஒருவர் டாஸ்க்பாரை இழுத்துத் திரையின் பக்கவாட்டில் வைத்துவிடுகிறார், இன்னொருவர் கோப்புகளின் பெயர்களைக்கூட மறைத்துவிடும் ஒரு படத்தை வால்பேப்பராக வைக்கிறார், வேறொருவர் விளையாட்டு என்று எண்ணி ஏதோ ஒன்றைத் தரவிறக்கி நிறுவுகிறார், பென் டிரைவோடு வந்த ஷார்ட்கட் வைரஸ் எல்லாக் கோப்புறைகளையும் மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் போலிக் குறிகளை நிறுத்துகிறது, ஜிமெயிலிலிருந்து வெளியேறாமல் எழுந்து சென்ற மாணவியின் அஞ்சல்பெட்டி அடுத்து வந்து அமர்பவர் முன்னே திறந்து கிடக்கிறது. இவற்றுள் எதுவும் குற்றமன்று. பல பேர் பகிரும் கணினியில் இயல்பாக நடப்பவைதான் இவை. ஆயினும் இவற்றைச் சரிசெய்வதிலேயே கணினி ஆசிரியரின் நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. கல்வியாண்டின் நடுவே ஒவ்வொரு கணினியாக ஃபார்மட் செய்து, மறுபடியும் எல்லா மென்பொருள்களையும் நிறுவும் வேலை பெரும்பாலான பள்ளிகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மாணவர்கள் எதையும் மாற்ற முடியாதபடி கணினியைப் பூட்டிவைப்பது ஒன்று. எதை வேண்டுமானாலும் மாற்றவிட்டு, அவர்கள் எழுந்து சென்றதும் கணினியைப் பழைய நிலைக்கே திருப்புவது மற்றொன்று. கனடாவைச் சேர்ந்த ஃபாரோனிக்ஸ் நிறுவனத்தின் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் இரண்டாவது வழியைச் சார்ந்தது. விண்டோஸ் இயங்கும் எங்கள் பள்ளியின் ஆய்வகத்தில் இதைப் பயன்படுத்தி வருகிறேன். கற்பிக்கும் இடத்துக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பதும், அவ்வழியில் இது நம்பத்தக்க கருவி என்பதும் என் முடிவு. ஆனால் மாணவர் செய்த வேலை எங்கே தங்கப் போகிறது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் இதை நிறுவ வேண்டும். அந்த விடை இல்லாத ஆய்வகத்தில் இது நன்மையைக் காட்டிலும் தீமையையே மிகுதியாகச் செய்யும்.

இது இயங்கும் முறை எளிமையானது. விண்டோஸின் அடித்தளத்தில் ஒரு டிரைவராக, அதாவது விண்டோஸுக்கும் வன்வட்டுக்கும் இடையே நிற்கும் சிறு நிரலாக, அமர்ந்துகொண்டு, உறையவைக்கப்பட்ட (மாற்றங்கள் தங்காதபடி காக்கப்படும்) டிரைவில் எழுதப்பட வேண்டியவை அனைத்தையும் வன்வட்டின் காலியான பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. எழுதப்பட்டவை எங்கே இருக்கின்றன என்ற கணக்கைக் கணினி இயங்கும் வரை வைத்திருக்கும். மறுதொடக்கம் செய்ததும் அந்தக் கணக்கை விட்டுவிடும். மூலக் கோப்புகள் தொடப்படவே இல்லை என்பதால், எதையும் திரும்ப நகலெடுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. அதனால்தான் மாணவர் ஒருவர் கோப்புறை ஒன்றை முழுவதுமாக அழித்திருந்தாலும், ஒரு வால்பேப்பரை மட்டும் மாற்றியிருந்தாலும், கணினி பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம் ஒன்றே: வழக்கமாக ஒரு மறுதொடக்கத்துக்கு ஆகும் நேரம். முழு வட்டின் நகலையும் மறுபடி ஏற்றும் முறைகளோடு ஒப்பிடுகையில் பள்ளிக்கு இதுவே பெரிய ஆதாயம், ஏனெனில் நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது.

திரையின் கீழ்மூலையில், கடிகாரத்துக்கு அருகே, ஒரு துருவக் கரடியின் சிறு உருவம் தெரியும். கணினி உறைந்த நிலையில் இருக்கும்போது கரடி மட்டும் இருக்கும். இளகிய நிலையில், அதாவது செய்யும் மாற்றங்கள் நிலையாகப் பதியும் நிலையில், அதன் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மின்னும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கரடியை இருமுறை சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்த பின், அடுத்த தொடக்கம் உறைந்த நிலையிலா, இளகிய நிலையிலா, இளகிய நிலையென்றால் இத்தனை தொடக்கங்களுக்கு மட்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆசிரியர் அறிய வேண்டியது இவ்வளவே. மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாத மாற்று ஆசிரியர் ஒருவர் வகுப்பைக் கவனிக்க நேர்ந்தாலும், கணினி தகராறு செய்தால் அணைத்துப் போடுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடிகிறது.

வகுப்பறையில் இது ஏற்படுத்தும் மாற்றத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் வைரஸுக்குத் தீர்வு என்ற அளவிலேயே இதைப் பார்க்கின்றனர். பூட்டிவைக்கப்பட்ட ஆய்வகங்களில் கண்ட்ரோல் பேனல் திறக்காது, வலதுபுறச் சொடுக்கு வேலை செய்யாது, கட்டளைச் சாளரம் வராது. அவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்துவிட்டுத் தேர்வில் எழுதுவதோடு மாணவர் நின்றுவிடுகிறார். கட்டளைச் சாளரத்தில் ஒரு கோப்புறையை அழிப்பது எப்படி என்று கற்பிக்கும்போது, உண்மையாகவே ஒன்றை அழிக்கச் சொல்ல முடிய வேண்டும். ஒரு மென்பொருளை நிறுவுவதையும் நீக்குவதையும் முப்பது மாணவர்களும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். கோப்பின் பின்னொட்டை மாற்றினால் என்ன ஆகும், எழுத்துருவை நீக்கினால் ஆவணம் எப்படித் தோன்றும், கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆம் என்று அழுத்திக்கொண்டே போனால் உலாவியில் என்னென்ன வந்து ஒட்டிக்கொள்ளும் என்பவற்றை வாயால் எச்சரிப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது பல மடங்கு பயனுள்ளது. உறைந்த கணினியில் இவை அனைத்தையும் தயக்கமின்றிச் செய்யச் சொல்லலாம். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள்தாம் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று விசைப்பலகையைத் தொடவே அஞ்சுகின்றனர். அந்த அச்சம் விலகுவதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இம்மென்பொருளை எந்தப் பள்ளிக்கும் பரிந்துரைப்பேன்.

தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியிலும் இதன் பயன் நன்றாகத் தெரிகிறது. ஒரு மாணவி தமிழ்99 விசைப்பலகையில் பழகிக்கொண்டிருப்பார். அவருக்கு முன் அமர்ந்தவர் அதை ஒலிபெயர்ப்பு முறைக்கோ பழைய தட்டச்சு முறைக்கோ மாற்றிவிட்டுச் சென்றிருந்தால், கற்ற விரல்கள் தவறாகத் தட்டுவதாகவே அவர் எண்ணிக்கொள்வார். ஒவ்வொரு தொடக்கத்திலும் தமிழ்99 தானாகவே முதலில் நிற்கும்படி அமைத்து உறையவைத்துவிட்டால் இந்தக் குழப்பம் எழுவதே இல்லை.

இனி, மாணவரின் வேலை எங்கே தங்கும் என்ற கேள்விக்கு வருவோம். டீப் ஃப்ரீஸ் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உறைந்த டிரைவில் எழுதப்பட்ட வைரஸ் எப்படி மறைகிறதோ, அப்படியே மாணவர் ஒரு பாடவேளை முழுவதும் உழைத்துச் செய்த விளக்கப்படமும் மறைந்துவிடும். இதற்கென்று நிறுவனம் தரும் ஏற்பாடு தாஸ்பேஸ் என்பது: வன்வட்டின் ஒரு பகுதியை உறையாத தனி டிரைவாக ஒதுக்கித் தருகிறது. அல்லது நிறுவும்போதே சி டிரைவை மட்டும் உறையவைத்து, டி டிரைவை அப்படியே விட்டுவிடலாம். எந்த வழியாயினும், உறையவைப்பதற்கு முன்பே டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் கோப்புறைகளின் இருப்பிடத்தை அந்த உறையாத டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும். டெஸ்க்டாப்பை மட்டும் சி டிரைவிலேயே விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு மாணவரும் குறிகள் நிறைந்து வழியாத, சுத்தமான திரையைக் காண வேண்டும். அதற்கு ஈடாக, "டெஸ்க்டாப்பில் சேமிப்பவை மறைந்துவிடும், டாக்குமென்ட்ஸில் சேமியுங்கள்" என்ற வாசகத்தையே வால்பேப்பராக வைத்துவிட்டால், யார் மாற்றினாலும் அடுத்த தொடக்கத்தில் அந்த அறிவிப்பு திரும்ப வந்து நிற்கும்.

இவ்வளவு செய்த பிறகும் சில மென்பொருள்கள் கோப்புகளைத் தாம் விரும்பிய இடத்தில் வைக்கின்றன. பைத்தான் நிரல்மொழியோடு வரும் ஐடில் என்னும் நிரல் எழுதும் கருவியில் புதிய நிரல் ஒன்றைச் சேமிக்கப் போனால், விண்டோஸில் அது பைத்தான் நிறுவப்பட்டுள்ள கோப்புறையையே முதலில் காட்டும். அது சி டிரைவில், பயனரின் கணக்குக்குள் ஆழத்தில் இருக்கிறது. மாணவர் கோப்பின் பெயரை மட்டும் தட்டிச் சேமித்துவிட்டால் அந்த நிரல் மறுநாள் இருக்காது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்துக்கு வேண்டிய தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல், இணையப்பக்க நிரல்மொழியான பி.எச்.பி. இரண்டையும் ஒருசேரத் தரும் சாம்ப் தொகுப்பு இன்னும் கவனம் கேட்பது. வழக்கமான நிறுவலில் அது சி டிரைவிலேயே அமர்கிறது. மாணவர் எழுதும் பி.எச்.பி. கோப்புகளும், அவர் உருவாக்கும் அட்டவணைகளின் தரவும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. ஆகவே செய்முறைப் பயிற்சியின் முதல் வகுப்பில் உருவாக்கிய தரவுத்தளம் இரண்டாம் வகுப்பில் இல்லாமல் போகும். காரணம் தெரியாத மாணவர் தம் கட்டளையில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார். சாம்பை முதலிலிருந்தே உறையாத டிரைவில் நிறுவுவதே இதற்குத் தீர்வு. பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு கோப்பைச் சேமித்து, அணைத்துப் போட்டு, அது இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஆய்வகத்தை மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

மின்தடை உள்ள ஊர்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வேர்டில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், சாதாரணக் கணினியில் மீண்டும் திறக்கையில் அது தானாகச் சேமித்து வைத்திருந்த பகுதியை மீட்டுத் தரும். அந்தத் தற்காலிகக் கோப்பு சி டிரைவில் இருப்பதால், உறைந்த கணினியில் அந்த மீட்பும் கிடைக்காது. வேர்டின் அமைப்புகளில், சேமிப்பு தொடர்பான பக்கத்தில், தானியங்கி மீட்புக் கோப்புகளின் இருப்பிடத்தை உறையாத டிரைவுக்கு மாற்றிவைத்தால் இக்குறை தீர்ந்துவிடும். மாற்றிய பின்னரே உறையவைக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

புதுப்பிப்புகள் இந்த மென்பொருளின் கடினமான பக்கம். உறைந்த கணினியில் விண்டோஸ் புதுப்பிப்பு பாதி இறங்கி, மறுதொடக்கத்தில் மறைந்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து இறங்கத் தொடங்கும்; ஒரே பிராட்பேண்ட் இணைப்பைப் பகிரும் ஆய்வகத்தில் எல்லாக் கணினிகளும் இப்படிச் செய்தால் இணையம் எவருக்கும் பயன்படாது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் புதிய பட்டியலுக்கும் இதே நிலைதான். ஆகவே உறைந்த நிலையில் புதுப்பிப்புகளை நிறுத்திவைத்து, அவற்றுக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும். டீப் ஃப்ரீஸின் எண்டர்பிரைஸ் பதிப்பில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது: குறித்த நேரத்தில் கணினிகளை இளகிய நிலையில் தொடங்கி, விசைப்பலகையையும் மவுஸையும் பூட்டி, புதுப்பிப்புகளை முடித்து, மீண்டும் உறைந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இரவு நேரத்துக்கு இதை அமைக்கலாம் என்பது கையேட்டுக்குச் சரி. நம் பள்ளிகளிலோ மாலை மணி அடித்ததும் ஆய்வகத்தின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம். சனிக்கிழமை முற்பகல் ஒன்றை மாதந்தோறும் இதற்கென ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் அதோடு மோதாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இளகிய நிலையில் புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனால் டீப் ஃப்ரீஸால் எந்த உதவியும் செய்ய இயலாது.

ஒரு மாணவர் விட்டுச் சென்ற தடம் மறைவது மறுதொடக்கத்தில்தான் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடக் கூடாது. ஒரு வகுப்பு எழுந்து சென்று அடுத்த வகுப்பு வந்து அமரும்போது கணினி அணைக்கப்படாமலே இருந்தால், முன்னவரின் அஞ்சல்பெட்டி திறந்தபடிதான் இருக்கும். பயனர் வெளியேறியதும் கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகும்படி அமைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் எழுந்து போகும் பிள்ளை வெளியேறினால்தானே அது வேலை செய்யும்? பாடவேளை முடிவதற்குச் சற்று முன்பே, சேமித்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவதே உறுதியான வழி. இங்கே வன்வட்டின் வேகமும் கணக்கில் வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகள் எழுந்து நிற்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன, வேகமான புதுவகைச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்திய கணினிகளில் அந்தக் காத்திருப்பு உறுத்துவதில்லை. கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் எஸ்.எஸ்.டி.யை வாங்கிவிட்டு, மென்பொருளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்றே சொல்வேன்.

மறுதொடக்கம் செய்தாலும் மீளாதவை சில உண்டு. தேதியும் நேரமும் தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் இருப்பவை. மாணவர் ஒருவர் ஆண்டை மாற்றிவிட்டால் அது அப்படியே நிற்கும், அடுத்து வருபவர் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கை வரும். உறையாத டிரைவில் புகுந்த வைரஸும் அங்கேயே தங்கும், அங்கிருந்து அடுத்த பென் டிரைவுக்குத் தாவும். ஆகவே டீப் ஃப்ரீஸ் இருக்கிறது என்பதற்காக வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கைவிடுவது தவறு. கணினி இயங்கிக்கொண்டிருக்கும் வரை தீங்கு மென்பொருள் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்: தட்டப்படும் கடவுச்சொல்லைத் திருடலாம், உள் வலையமைப்பில் உள்ள அலுவலகக் கணினியைத் தாக்கலாம். சீன இணைய மையங்களில் 2007-ஆம் ஆண்டில் பரவிய "எந்திர நாய்" என்னும் தீங்கு மென்பொருள், இத்தகைய மீட்பு ஏற்பாடுகளைத் தாண்டி நேராக வட்டிலேயே எழுதும் வகையில் உருவாக்கப்பட்டிருந்தது. எந்தத் திருப்பிவிடும் டிரைவரையும் முற்றிலும் கடக்க முடியாத சுவராகக் கருத வேண்டாம் என்பதற்கு அது சான்று.

இதே காரணத்தால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸை உறையவைத்து ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்துவிட்டன. உறையவைப்பது ஓட்டையை அடைப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அதே ஓட்டையோடுதான் கணினியைத் தொடங்கிவைக்கிறது.

பென் டிரைவிலிருந்து வேறொரு இயங்குதளத்தைத் தொடங்கத் தெரிந்த மாணவர்கள் மேல்நிலை வகுப்புகளில் இப்போது இருக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அப்படித் தொடங்கினால் டீப் ஃப்ரீஸ் இயங்காது என்பதால், கணினியின் தொடக்க அமைப்பான பயோஸுக்குக் கடவுச்சொல் வைத்து, வன்வட்டு தவிர மற்றவற்றிலிருந்து தொடங்குவதை நிறுத்திவிடுவது அவசியம். வன்வட்டே பழுதானால் உறைந்த நிலையும் அதோடு போய்விடும். தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கி இலவசமாக வழங்கும் குளோன்ஜில்லாவைக் கொண்டு, எல்லாம் நிறுவி முடித்த ஒரு கணினியின் முழு நகலைத் தனி வன்வட்டில் எடுத்துவைத்தால், புதிய வட்டு மாற்றிய அன்றே அந்தக் கணினியை வகுப்புக்குத் திருப்பிவிடலாம்.

பதிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்டாண்டர்டு பதிப்பு ஒவ்வொரு கணினியாகச் சென்று கையாள வேண்டியது; சில கணினிகளே உள்ள தொடக்கப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ போதும். முழு ஆய்வகத்துக்கு எண்டர்பிரைஸ் பதிப்பே ஏற்றது, ஏனெனில் ஆசிரியரின் மேசையிலிருந்தே எல்லாக் கணினிகளையும் இளகவைக்கவும் உறையவைக்கவும் அதில் முடிகிறது. கடவுச்சொல் மறந்துபோனால் ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல்லை உருவாக்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. கணினி ஆசிரியர் பணிமாறுதலில் சென்றுவிட, கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும் நிலை பள்ளிகளில் அரிதன்று. எந்தப் பதிப்பாயினும் கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டுத் தலைமையாசிரியரின் பீரோவில் வைத்துவிடுவது நல்லது. உரிமம் கணினிக்கு ஒன்றாக வாங்க வேண்டியிருப்பதால், பெற்றோர் ஆசிரியர் கழக நிதியை நம்பியிருக்கும் பள்ளிக்கு இது எளிய செலவன்று. இலவச வழிகளையும் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

இந்தத் தேவையை மைக்ரோசாஃப்ட் அறியாமலில்லை. பொதுக் கணினிகளுக்காக 2005-இல் ஒரு கருவித்தொகுப்பையும், அதன் தொடர்ச்சியாக 2007-இல் ஸ்டெடிஸ்டேட் என்ற மென்பொருளையும் இலவசமாகவே தந்தது. மறுதொடக்கத்தில் மாற்றங்களை நீக்குவதோடு, சிலகாலம் தக்கவைப்பது, நிலையாகத் தக்கவைப்பது என்ற தேர்வுகளும் அதில் இருந்தன. விண்டோஸின் எக்ஸ்.பி., விஸ்டா பதிப்புகள் இரண்டோடு அது நின்றுவிட்டது; 2010 டிசம்பர் 31-க்குப் பின் தரவிறக்கம் நிறுத்தப்பட்டது, 2011 ஜூன் 30-இல் ஆதரவும் முடிந்தது. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இவ்வளவு பொருந்திய ஒன்றை விண்டோஸ் 7-க்குக் கொண்டுவராமல் கைவிட்டது வருந்தத்தக்கது.

இன்றைய விண்டோஸில் அதற்கு நெருக்கமானது யூனிஃபைடு ரைட் ஃபில்டர். விண்டோஸின் எஜுகேஷன், எண்டர்பிரைஸ் பதிப்புகளில் இது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் குறியிட்டுச் செயற்படுத்தலாம். ஹோம், புரோ பதிப்புகளில் கிடைக்காது. கரடிச் சின்னமோ எளிய சாளரமோ இதில் இல்லை. எல்லாவற்றையும் கட்டளைச் சாளரத்தில்தான் செய்ய வேண்டும். டீப் ஃப்ரீஸ் மாற்றங்களை வன்வட்டின் காலியிடத்தில் வைக்கிறது என்றால், இது இயல்பாக நினைவகத்தில் (ரேமில்) வைக்கிறது. அதற்கென முதலில் ஒதுக்கப்படும் அளவு 1024 மெகாபைட் மட்டுமே. உலாவியில் காணொளிகள் ஓடும் ஆய்வகத்தில் அது விரைவில் நிரம்பிவிடும், நிரம்பினால் கணினி செயலற்றுப் போகும். ஆகவே அளவைக் கூட்டுவதோ, நினைவகத்துக்குப் பதில் வட்டைப் பயன்படுத்தச் சொல்வதோ இன்றியமையாதது. விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்திவைக்க வேண்டும். அது செயலில் இருந்தால், கணினியை அணைத்துப் போட்டாலும் மாற்றங்கள் நீங்குவதில்லை, மறுதொடக்கம் செய்தால் மட்டுமே நீங்கும். கட்டளைகளுக்கு அஞ்சாத ஆசிரியரும் எஜுகேஷன் பதிப்பு உரிமமும் உள்ள பள்ளி டீப் ஃப்ரீஸுக்குச் செலவிட வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸைப் பயன்படுத்தும் ஆய்வகங்களுக்கு இந்தக் கவலை பெரிதும் குறைவு. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையில் தொகுத்து வழங்கும் இயங்குதளமே பயன்பாட்டில் இருக்கிறது. பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ்கள் அங்கே இயங்குவதே இல்லை. வெளியேறியதும் எல்லாம் அழிந்துவிடும் விருந்தினர் கணக்கு முன்பு உபுண்டுவில் இயல்பாகவே இருந்தது. இப்போது இல்லை என்றாலும், லினக்ஸ் மின்ட்டில் அதைச் செயற்படுத்திக்கொள்ளலாம். முழுக் கணினியையும் உறையவைக்க ஓவர்லேரூட் என்ற சிறிய பொதியும், ராஸ்பெரி பை எனும் சிறு கணினிகளில் அதன் அமைப்புப் பட்டியலிலேயே உள்ள ஓவர்லே தேர்வும் போதும். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆனால் பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் போன்று லினக்ஸுக்கென வெளியிடப்படாத மென்பொருளைக் கற்பிக்க வேண்டியுள்ள நம் மேல்நிலைப் பள்ளிகள் முழுவதுமாக இந்தப் பக்கம் வந்துவிட இயலாது.

விண்டோஸ் புரோ பதிப்போடு இருபது முப்பது கணினிகள், ஒரே கணினி ஆசிரியர், நாள் முழுவதும் மாறி மாறி வரும் வகுப்புகள் என்ற நிலையில் உள்ள பள்ளிக்கு டீப் ஃப்ரீஸ் எண்டர்பிரைஸ் பொருத்தமானது. அரசின் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகள் மையமாகப் பராமரிக்கப்படுபவை என்பதால், அவற்றில் பொறுப்பாளர்களின் இசைவு பெறாமல் இதை நிறுவக் கூடாது. மற்றவர்கள் 30 நாள் சோதனைப் பதிப்பை முதலில் ஒரே ஒரு கணினியில் நிறுவி, அதை வகுப்பிலேயே மிகத் துடிப்பான மாணவர்களிடம் ஒப்படைத்து, தாஸ்பேஸில் அவர்கள் சேமித்தவை எல்லாம் ஒரு மாதம் கழித்தும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, மீதிக் கணினிகளுக்கு உரிமம் வாங்கலாம்.